அளவுகோலுடன் போன பயணி

அயல்நாடு சென்று மீண்டு நூல் எழுதுவோர் நம்முன் இரண்டு மூட்டைகளை அவிழ்க்கின்றனர். ஒன்றில், அங்கே கண்ட காட்சிகள். மற்றொன்றில், புறப்படும்போதே வீட்டிலிருந்து கட்டிச் சென்ற கருத்துகள். கடல் பல கடந்தும் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தவை! எது எந்த மூட்டையிலிருந்து எடுக்கப்பட்டது என்று பார்ப்பதே பயண நூலைப் படிப்போன் கடன். அந்தப் பயிற்சிக்கு இப்னு பதூதாவின் நூலைவிடச் சிறந்த ஏடு கிடைப்பது அரிது.

மொராக்கோவின் தஞ்சியர் நகரில் 1304 இல் பிறந்தவர். 1325 இல் மெக்காவுக்கென்று புறப்பட்டு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகைச் சுற்றியவர். அவர் சொல்ல, இப்னு ஜுசை என்னும் அறிஞர் எழுத, 1355 இல் நூல் நிறைவுற்றது. அதில் மாலத்தீவைப் பற்றிய பகுதி ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில், மற்ற நாடுகளில் பெரும்பாலும் விருந்தினராக இருந்தவர், 1343 இல் இறங்கிய இந்தத் தீவில் காஜியாக, தீர்ப்பு வழங்கும் அதிகாரியாக அமர்ந்தார். பார்ப்பவன் கையில் பிரம்பு கிடைத்தால் பார்வை என்ன ஆகும்? நூல் ஒளிக்காமல் காட்டுகிறது.

முதலில் அவருடைய கண்ணைப் போற்றிவிடுவோம். என்ன கூர்மை! வீட்டு வாயிலில் தண்ணீர்ச் சாடி. வருவோர் கால் கழுவி, நார்ப் பாயில் துடைத்த பிறகே உள்ளே நுழைவர். தேங்காய் மட்டையைக் கடலோரக் குழிகளில் ஊறவைத்து, தடியால் அடித்து நாராக்கி, பெண்கள் கயிறு திரிப்பர். அந்தக் கயிற்றால் தைத்த மரக்கலம் பாறையில் மோதினாலும் நெகிழ்ந்து கொடுக்கும். ஆணி அடித்த கலமோ உடைந்து போகும் என்று காரணமும் சொல்கிறார். சோழியே அங்கு நாணயம். நான்கு இலட்சம் சோழிக்கு ஒரு பொற்காசு. வேகவைத்துப் புகையூட்டிய மீனைச் சீனம், ஏமன் வரை அனுப்பினர் என்கிறார். நம் கடைத்தெரு மாசிக் கருவாட்டின் பழைய வரலாறு அது! அரசாணைகளை ஓலையில் எழுத்தாணி போன்ற வளைந்த இரும்பால் கீறினர் என்ற குறிப்பைப் படிக்கையில், நம் பாட்டன் வீட்டுப் பரண் நினைவுக்கு வராத தமிழன் உண்டா?

இவ்வளவும் கண் எழுதியது. இனிக் கோல் எழுதியதைக் காண்போம்.

அத்தீவினரும் இஸ்லாமியரே, 1153 இலேயே அம்மார்க்கத்தைத் தழுவியவர்கள். ஆயினும் பெண்கள், அரசி உட்பட, தலையை மூடுவதில்லை. பெரும்பாலோர் இடைக்கு மேல் ஆடையும் அணிவதில்லை. காஜிக்குப் பொறுக்கவில்லை. ஆணையிட்டார், தோற்றார். உடலை மூடாத பெண் தம் மன்றத்தில் வழக்குரைக்க வரலாகாது என்பதோடு அவர் அதிகாரம் நின்றுவிட்டது. தம் அடிமைப் பெண்களுக்கு டில்லி உடை உடுத்தினார்; பழக்கமில்லாமையால் அது அவர்களுக்கு அழகு சேர்க்கவில்லை, அழகைக் கெடுத்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார்! தோல்வியை மறைக்காத இந்த நேர்மைக்காகவே நூலை நான் மதிக்கிறேன்.

ஆனால், திருவிதாங்கூரை எண்ணிப் பாருங்கள். அங்கே சாணார் குலப் பெண்கள் தோளை மூடக்கூடாது என்று தடுத்தனர். போராடிப் போராடி 1859 இல்தான் அரச அறிக்கை மூலம் அந்த உரிமை கிட்டியது, அதுவும் உயர்சாதிப் பெண்கள்போல் உடுத்தலாகாது என்ற நிபந்தனையோடு! ஓரிடத்தில் மூடாதே என்றது சாதி; ஓரிடத்தில் மூடு என்றது மதம். உடுத்துபவளை எவர் கேட்டனர்?

மணவிலக்கான பின்னும், மறுமணம் ஆகும்வரை முன்னாள் கணவன் வீட்டிலேயே பெண் தங்கியிருப்பது தீவின் வழக்கம். போக்கிடம் இல்லாதவளுக்கு அது நிழல். காஜியோ அதைக் குற்றமாக்கினார். ஏறத்தாழ 25 ஆடவரை அடிக்கச் செய்து, கடைத்தெருவில் சுற்றிக் காட்டினார். அந்தப் பெண்கள் அதன்பின் எங்கே தங்கினர்? நூலில் ஒரு வரி இல்லை. திருடன் ஒருவன் கையை வெட்ட ஆணையிட்டபோது, அவையிலிருந்த தீவினர் சிலர் மயங்கி விழுந்தனராம். அதை அவர்களுடைய மென்மைக்குச் சான்றாக எழுதுகிறார் ஆசிரியர். நான் அதை நாகரிகத்துக்குச் சான்றாகப் படிக்கிறேன்.

கடலில் விளக்கொளியுடன் தோன்றும் பூதக் கப்பலை நேரில் கண்டதாக அவர் கூறுவதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கயிற்றுக்கும் ஆணிக்கும் காரணம் கேட்ட அறிவு, அந்த ஒளிக்குக் காரணம் கேட்கவில்லை, அவ்வளவே.

நெஞ்சை உறுத்துவது வேறொன்று. அத்தீவின் அமைச்சர் அவருக்குப் பரிசாக அனுப்பிய அடிமைப் பெண்களுள் ஒருத்தி, அரபியர் மஅபர் என்றழைத்த நம் சோழமண்டலக் கரையைச் சேர்ந்தவள். அன்பரி என்று பெயர் குறித்திருக்கிறார். அம்பர் என்னும் நறுமணப் பொருளிலிருந்து வந்த அரபுப் பெயர். பெற்றோர் இட்டதாக இருக்க முடியாது. சோழியின் விலையை, கயிற்றின் வலிமையை, மீனின் சுவையை விரித்துரைத்தவர், இவள் எப்படிக் கடல் கடந்தாள் என்று கேட்கவேயில்லை. பார்க்கத் தெரிந்தவர்தான், இவளை ஆளாகப் பார்க்க அவருடைய அளவுகோலில் கோடு இல்லை.

1344 இல் தீவின் அமைச்சரோடு பிணங்கி வெளியேறியவர், இலங்கை வழியாக மதுரைச் சுல்தான் கியாசுத்தீனிடம் வந்து சேர்ந்தார். அந்தச் சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வித்ததைக் கண்டு மனம் பதறி, வேறெந்த மன்னனும் செய்யாத இழிசெயல் என்று எழுதுகிறார். ஆனால் அதே சுல்தானோடு கூடி, மாலத்தீவின் மீது படையனுப்பத் திட்டமும் வகுத்தார்! தாம் தீர்ப்புச் சொல்லி வாழ்ந்த தீவு, தம்மை மணந்த பெண்களின் தீவு! அத்திட்டம் நிறைவேறவில்லை.

பின்னர் மீண்டும் ஒருமுறை அங்கே சென்றார். படையோடு அன்று, அங்கே விட்டுவந்த மனைவி பெற்ற மகனைக் காண. குழந்தைக்கு வயது இரண்டு. அழைத்துச் செல்லலாம் என்று எண்ணி, பிறகு அந்த மக்களிடையே வளர்வதே அவனுக்கு நல்லது என்று முடிவு செய்து, அவர்களிடமே விட்டுவிட்டு வங்கம் நோக்கிக் கப்பலேறினார்.