பசித்த நீதிபதிகள்: ஒரு வரைபடத்தின் மறுவிசாரணை

நீதிபதி காலையில் என்ன சாப்பிட்டார் என்பதுதான் தீர்ப்பைத் தீர்மானிக்கிறது என்றொரு பழைய கிண்டல் அமெரிக்கச் சட்ட வட்டாரத்தில் உண்டு. 2011இல் அந்தக் கிண்டலுக்குப் புள்ளிவிவரம் கிடைத்துவிட்டதாகப் பலர் நம்பினார்கள். ஷாய் டான்சிகர், ஜொனதன் லெவாவ், லியோரா அவ்னைம்-பெஸ்ஸோ மூவரும் இஸ்ரேலின் முன்விடுதலை வாரியங்களில் எட்டு நீதிபதிகள் எடுத்த 1,112 முடிவுகளை ஆராய்ந்து, அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதமியின் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டு உணவு இடைவேளைகள் வாரியத்தின் நாளை மூன்று அமர்வுகளாகப் பிரிக்கும். அமர்வின் தொடக்கத்தில் கைதிகளின் மனுக்களில் சுமார் 65 சதவீதம் ஏற்கப்படுகிறது. இடைவேளை நெருங்க நெருங்க அது வரைபடத்தில் பூஜ்யத்தை ஒட்டி இறங்குகிறது. சாப்பிட்டு வந்ததும் மறுபடி 65. டேனியல் கானமன் அதே ஆண்டு வந்த தம் புகழ்பெற்ற நூலில் இதை எடுத்தாண்டார். பிறகு சொல்லவா வேண்டும்!

ஆய்வாளர்களுக்கு உரிய நியாயத்தை முதலில் கொடுத்துவிடலாம். குற்றத்தின் கடுமை, சிறையில் கழித்த காலம், முந்தைய தண்டனைகள், மறுவாழ்வுத் திட்டம் உண்டா இல்லையா என்பதையெல்லாம் அவர்கள் கணக்கில் சேர்த்தே பார்த்தார்கள். தெம்பூட்டியது உணவா ஓய்வா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றும் ஒப்புக்கொண்டார்கள். பசியைத் தலைப்பில் ஏற்றியது பெரும்பாலும் பத்திரிகைகளின் வேலை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மனுக்கள் எந்த வரிசையில் வந்தன? வரிசை தற்செயலானது என்றால்தான் சரிவுக்கு நீதிபதியின் களைப்பைக் காரணம் காட்ட முடியும். கோர்ட் வராந்தாவில் ஒரு காலைப் பொழுது நின்றவர்கூட வழக்குப் பட்டியல் தற்செயலாக அமைகிறது என்று நம்பமாட்டார். கெரென் வைன்ஷால்-மார்கெல், ஜான் ஷாபர்ட் இருவரும் செய்தது எளிய காரியம்: அந்த வாரியத்தோடு தொடர்புடைய வக்கீல்களையும் ஒரு நீதிபதியையும் கேட்டார்கள். ஒரு சிறையின் மனுக்களை முடித்துவிட்டு இடைவேளை விடுவதே வழக்கம். அதற்குள்ளும் வக்கீல் இல்லாத கைதிகள் பொதுவாகக் கடைசியில் வருவார்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அவர்கள். அவர்களில் 15 சதவீதம் பேருக்கே சாதகமான முடிவு கிடைத்தது. வக்கீல் வைத்தவர்களில் 35 சதவீதம். ஒத்திவைத்த மனுக்களையும் மறுப்புகளோடு சேர்த்து எண்ணியிருந்ததையும் இருவரும் சுட்டினார்கள். வக்கீல் இருந்தாரா என்பதைக் கணக்கில் சேர்த்தாலும் சரிவு மறையவில்லை என்று மூல ஆய்வாளர்கள் பதில் எழுதினார்கள். ஆனால் வரிசையை அமைப்பது ஒரு நடைமுறை என்று தெரிந்த பிறகு, வக்கீல் என்ற ஒரே கூறைச் சரிசெய்தால் போதுமா? அந்த நடைமுறை வேறு எதையெல்லாம் முன்னே தள்ளியது, பின்னே தள்ளியது என்பது அட்டவணையில் பதிவாகவில்லையே.

2016இல் ஆந்த்ரேயாஸ் க்ளோக்னர் வேறு பக்கமிருந்து வந்தார். சாதகமான முடிவுக்கு ஏழு நிமிடத்துக்கு மேல், மறுப்புக்கு ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகிறது என்பது மூல ஆய்விலேயே உள்ள தகவல். நேரம் இழுக்கும் என்று தோன்றும் மனுவை இடைவேளைக்கு முன் தொடாமல் விட்டாலே போதும், களைப்பே இல்லாத நீதிபதிகளிடமும் இதே மாதிரிச் சரிவு தோன்றும் என்று கணினிப் பாவனையில் காட்டினார். இதற்கும் ஒரு மறுப்பு உண்டு: அடுத்த மனு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று நீதிபதிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அப்படித் தெரிந்திருந்தது என்பதற்குச் சான்று இல்லை. ஆக, அவர் நிறுவியது ஒரு சாத்தியத்தை மட்டுமே. என்றாலும் முதல் ஆய்வின் உறுதியைக் குலைக்க அதுவே போதும்.

எனக்குப் பெரிதாகப் படுவது அளவு. 65இலிருந்து பூஜ்யம் வரை! டேனியல் லாக்கென்ஸ் 2017இல் கேட்ட கேள்வி இதுதான்: பசிக்கு இவ்வளவு வலு இருந்தால் தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முன் உலகமே நிலைகுலைந்திருக்காதா? உளவியலில் இத்தனை பெரிய விளைவு கண்ணில் பட்டால், மனசுக்கு முன் அட்டவணையைச் சந்தேகிப்பதே முறை.

தீர்ப்புகளை இப்படி எண்ணிப் பார்ப்பதே வீண் என்று இதிலிருந்து முடிவு கட்டினால் அது அவசரம். 2007இல் அமெரிக்கப் புகலிட வழக்குகளை ராம்ஜி-நொகாலெஸ், ஷோயன்ஹோல்ட்ஸ், ஷ்ராக் மூவரும் ஆராய்ந்தார்கள். மயாமியின் ஒரே குடிவரவு நீதிமன்றத்தில், கொலம்பிய நாட்டு மனுதாரருக்குப் புகலிடம் கிடைக்கும் வாய்ப்பு ஒரு நீதிபதியிடம் 5 சதவீதம், இன்னொருவரிடம் 88. வழக்கு யாரிடம் போகும் என்பதை அங்கே பெரும்பாலும் குலுக்கல் போன்ற ஒதுக்கீடே முடிவு செய்ததால், அந்த வேறுபாட்டை நீதிபதிகள்மேல் ஏற்றுவதற்கு அடிப்படை இருந்தது. இஸ்ரேல் ஆய்வில் இல்லாதது இந்த அடிப்படைதான்.

எனவே என் முடிவு: வரைபடம் நிற்கும், அதற்குச் சொன்ன காரணம் நிற்காது. களைப்புக்குச் சிறு பங்கு இருந்திருக்கலாம். இந்தத் தரவால் அதை நிரூபிக்க முடியாது. சட்டக் கல்லூரி வகுப்பிலும் நீதிபதிகளுக்கான பயிற்சியிலும் இதை ஐயமற்ற உண்மையாகச் சொல்வதை நிறுத்த வேண்டும். உணவு இடைவேளையைப் பற்றி இத்தனை எழுதியவர்கள் 15க்கும் 35க்கும் உள்ள இடைவெளியை ஏறக்குறைய கவனிக்கவே இல்லை. அதையும் வக்கீலின் திறமை என்று உடனே எழுதிவிட முடியாது. ஜெயிக்க வாய்ப்புள்ள கைதிதான் வக்கீல் வைக்கிறாரோ என்பதை முதலில் பார்த்தாக வேண்டும்.