ஆடிக்கூழ்

யூலை நடுவில் ஆடி பிறக்கும் நாளில் கனடாவின் ஸ்காபரோவில் யாழ்ப்பாணத்தார் வீடுகளில் கூழ் கொதிக்கும். வறுத்த பயறு, அரிசிமா உருண்டை, தேங்காய்ச் சொட்டு, கடைசியில் பால். பனங்கட்டி மட்டும் ஊரிலிருந்து ஓலைக் குட்டானிலேயே வரவேண்டும். சீனி போட்டால் அது கூழே இல்லை என்பது என் கட்சி. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்புக்கென்றே பாடிய பாட்டு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

பலாவிலையைக் கோலி, ஈர்க்குக் குத்திக் குடித்த கதையை அம்மம்மா துழாவியபடியே சொல்வார். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு வன்னியில் வந்த முதல் ஆடியிலும் காய்ச்சினோம் என்பார், கிடைத்த மாவில், இரவல் சட்டியில். இங்கே முதல் பனிக்காலத்தில் வேலையின்றித் தளர்ந்திருந்த என்னைத் தூக்கி நிறுத்தியது அந்த இரவல் சட்டிதான். இப்போது மகளும் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே மா உருட்டுகிறாள். பெரிய உருண்டை தம்பிக்கா தனக்கா என்றுதான் வழக்கு.