எதைக் காட்டி வேலை கேட்பது?

"இதுவரை எழுதியதில் ரெண்டு மூணு அனுப்புங்க, பார்க்கிறோம்." ஃப்ரீலான்ஸ் எழுத்துக்குப் புதிதாக வரும் பலர் இந்த வரியில் திகைத்துவிடுகிறார்கள். வேலை கிடைத்தால்தான் காட்ட எழுத்து சேரும். எழுத்து இருந்தால்தான் வேலை கிடைக்கும். அவர்களுக்கு மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன: யாருக்காவது இலவசமாக எழுதிக் கொடுப்பது, இணையத்தில் எழுதிச் சேர்ப்பது, யாரும் கேட்காமலே மாதிரிக் கட்டுரைகள் எழுதுவது.

இலவச எழுத்துக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லலாம். நல்ல ஆசிரியர் கையில் நம் பிரதி திருத்தப்பட்டால் அந்தப் பாடத்துக்கு விலையில்லை. ஆனால் "பணம் இல்லை, பெயர் வரும்" என்று கேட்கும் இடங்களில் பெரும்பாலும் திருத்துவதற்கு ஆள் இருப்பதில்லை. சில சமயம் பெயரும் வருவதில்லை. பெயர் வராவிட்டால் தொகுப்பில் காட்ட என்ன மிஞ்சும்? உரிமை விஷயத்தில் சட்டம் எழுதியவர் பக்கம்தான் நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதுபவரே தன் எழுத்தின் முதல் உரிமையாளர். உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்துடன் கொடுக்க வேண்டும்; காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுகளுக்கு மட்டுமே. இது தெரியாமல், வந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சொந்தக் கட்டுரையையே காட்ட முடியாமல் நிற்பது பெரும் இழப்பு.

பிரதிலிபி போன்ற தளங்கள் தொடர்கதை எழுதுபவருக்குப் பொருந்தும். வாசகரை அடுத்த அத்தியாயத்துக்கு இழுக்கத் தெரியும் என்பதற்கு அங்கே சான்று கிடைக்கும். மருத்துவக் கட்டுரைக்கு ஆள் தேடும் ஆசிரியருக்கு அங்கே சேரும் வாசிப்பு எண்ணிக்கையால் பயன் குறைவு. தமிழ் விக்கிப்பீடியா வேறு வகை. 2003இல் தொடங்கிய அதில், யார் எந்த வரியைச் சேர்த்தார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகிவிடுகிறது. சான்று தேடி எழுதும் ஒழுங்கை அங்கே காட்டலாம். சொந்த நடையைக் காட்ட முடியாது. துணைச் சான்றாக வைத்துக்கொள்ளலாம்.

மிஞ்சுவது மாதிரிக் கட்டுரை. "யாரும் வெளியிடாததை யார் மதிப்பார்?" என்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் வேலை கொடுப்பவர் பார்ப்பது, தன் விஷயத்தை இவரிடம் நம்பி ஒப்படைக்கலாமா என்பதையே. மின்கட்டணம் பற்றி இரண்டு பேர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் "மின்சாரம் இல்லாத வாழ்வை நினைத்துப் பார்க்க முடியாது" என்று தொடங்குகிறார். இன்னொருவர் இப்படி: "தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த கட்டண அட்டவணைப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் கட்டணம் கூடிவிடுகிறது. பில் எகிறுவது அதனால்தான்." இரண்டாமவர் அட்டவணையை வாசித்திருக்கிறார், வாசகரின் குழப்பம் எங்கே என்று தெரிந்துவைத்திருக்கிறார். அவருடைய கட்டுரை எங்கும் அச்சாகியிருக்கத் தேவையே இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். பிழையில்லாத 500 சொற்களை இன்று செயற்கை நுண்ணறிவு நொடியில் தந்துவிடும். ஆகவே வெறும் சரளம் இனி சான்றாகாது. மின்வாரிய அலுவலகத்துக்குப் போய்க் கேட்டது, அதிக பில் வந்த வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டது என நேரில் திரட்டிய ஒன்றாவது கட்டுரையில் இருக்க வேண்டும். மாதிரி என்பதையும் மேலேயே குறிப்பிட்டுவிட வேண்டும். அதை மறைப்பது பொய்.

என் தீர்ப்பு இது: நேரில் விசாரித்து எழுதிய நான்கைந்து மாதிரிகள், இலவசமாக எழுதிய ஐம்பதை விடப் பெறுமதியானவை. "ஒரு சோதனைக் கட்டுரை எழுதிக் கொடுங்கள், பிறகு பார்க்கலாம்" என்று அடுத்த முறை யாராவது கேட்டால், அந்த மாதிரிகளை அனுப்புங்கள். புதிதாக எழுத வேண்டுமானால் கட்டணம் எவ்வளவு என்பதையும் அதே மடலில் எழுதிவிடுங்கள்.