மலரும் ஏடும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் கல்லூரிகள் பெருகிவிட்டன. நம் இல்லத்துப் பிள்ளைகள் பலர் அவற்றில் பயில்கின்றனர். கல்லூரிகள் வெளியிடும் ஆண்டு மலர் வீட்டுக்கு வந்தால் நாம் மகிழ்ந்து புரட்டுகிறோம். வாழ்த்துச் செய்திகள், பரிசு பெற்றோர் பட்டியல், சில கவிதைகள், குழுப் படங்கள். மலர் என்ற அளவில் குறை சொல்வதற்கில்லை. ஆயின் அது ஏடன்று. விடுதிக் குடிநீரைப் பற்றியோ தேர்வுக் கட்டணத்தைப் பற்றியோ ஒரு வரியை அதில் காண்பது அரிது.

மாணவரே எழுதி நடத்தும் ஏட்டுக்குச் சென்னையிலேயே முன்மாதிரி உண்டு. 1959-இல் தோன்றிய சென்னை ஐ.ஐ.டி.யில், மறு ஆண்டே 'கேம்பாஸ்டைம்ஸ்' என்னும் மாணவர் இதழ் பிறந்தது. பிற்காலத்தில் 'தி ஃபோர்த் எஸ்டேட்' என்னும் மாணவர் ஊடக அமைப்பு அப்பணியை மேற்கொண்டது. பாடச் சுமைக்கிடையே இத்தகைய பணிக்கு முன்வரும் இளைஞர்கள் பாராட்டுக்குரியோர். எனினும் அவர்தம் மொழி ஆங்கிலம். இந்தியா முழுவதிலுமிருந்து மாணவர் கூடும் இடத்தில் அது இயல்பே. நம் புறநகர்க் கல்லூரிகள் அதையே பின்பற்றினால், கட்டணம் செலுத்தும் தந்தையரும் விடுதியில் சமைப்போரும் பலர் அந்த ஏட்டைப் படிக்கவியலாது போகும்.

மற்றொன்று துணிவு பற்றியது. ஊதியம் பெறாத எழுத்தாளனை ஊதியத்தால் அடக்க முடியாது, மதிப்பெண்ணால் அடக்கலாம். அமெரிக்காவின் பெர்க்லியில், 'டெய்லி கலிபோர்னியன்' மாணவர் நாளேட்டின் மூன்று ஆசிரியர்கள் 1971-இல் ஒரு தலையங்கத்திற்காக நீக்கப்பட்டனர். அவ்வாண்டே அவ்வேடு பல்கலைக்கழக நிருவாகத்தினின்று பிரிந்து தனித்து நின்றது. தனித்து நிற்கும் ஏடு தன் செலவைத் தானே தேடவேண்டும். பிழை நேர்ந்தால் பழியையும் தானே ஏற்கவேண்டும். ஆகவே சுதந்திரம் கேட்போர் முதலில் செய்தியைச் சரிபார்க்கக் கற்றாகவேண்டும்.

இங்கே குடும்பத்தாருக்கும் பங்குண்டு. மகனோ மகளோ ஏட்டில் எழுதப் போவதாகச் சொன்னால், "உனக்கேன் இந்த வம்பு?" என்று தடுப்பதே நம்மிற் பலரின் வழக்கம். அதனினும், "நேரில் விசாரித்தாயா? மறுதரப்பையும் கேட்டாயா?" என்று வினவுவதே நன்று. அந்த வினாக்களுக்கு விடை சொல்லப் பழகிய பிள்ளையை மிரட்டிப் பணியவைத்தல் எளிதன்று என்பது நம் துணிபு.