பின்தகட்டில் கைவைக்காதீர்கள்

பழைய கணினி கேசிங் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது அதன் முதுகை. ஏடி வகைப் பெட்டியில் கீபோர்டுக்கென்று ஒரே ஒரு வட்டத் துளை இருக்கும். அதையடுத்து ஸ்லாட் தகடுகள் வரிசையாக நிற்கும். சீரியல், பிரிண்டர் இணைப்புகளுக்கென அரைகுறையாக வெட்டி, தட்டினால் விழும்படி விட்டிருப்பார்கள். பல பெட்டிகளில் யாரும் தட்டாமலே இருக்கும். 1984இல் ஐபிஎம் கொண்டுவந்த ஏடி கணினியின் வழியில் பிறந்த முதுகு அது. 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் முறையை வெளியிட்டபோது இணைப்புகளெல்லாம் 158.75 மில்லிமீட்டர் அகலமும் 44.45 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட ஒரு செவ்வகத்துக்குள் வந்து சேர்ந்தன. இன்றைய மதர்போர்டைப் பழைய கேசிங்கில் பூட்ட ஆசைப்படுகிறவர் கிரைண்டரைத் தூக்குவது இந்தச் செவ்வகத்துக்காகத்தான். அந்தத் துண்டு போனால், பெட்டி எந்தக் காலத்தது என்று சொல்லும் இடமே போய்விடுகிறது.

இப்படிப்பட்ட பெட்டிகளைத் தேட, பினாங்கின் சுங்கை பினாங்கில் இருப்பவர்களுக்கு லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தை எட்டும் தூரம்தான். ஐபிஎம், ஆப்பிள் என்று பெயர் பொறித்தவற்றுக்கு எங்கேயும் ஆள் உண்டு. தைவான் தகட்டில் செய்து, கடைக்காரர் கையால் பூட்டிக் கொடுத்த பெயரில்லாப் பெட்டிகளுக்குத்தான் நாதியில்லை. நம் வீடுகளுக்கும் டியூஷன் சென்டர்களுக்கும் வந்தவை பெரும்பாலும் இவைதாம். ஏராளமாக இருந்ததாலேயே யாரும் எடுத்து வைக்கவில்லை. பழைய இரும்பாக எடைக்குப் போயின. மிஞ்சியதைக் கடல்காற்றும் ஈரமும் அரிக்கின்றன. எனக்கு இந்தப் பெயரில்லாதவற்றின் மேல்தான் பிரியம் அதிகம்.

அதற்கு ஊர்க் காரணமும் உண்டு. 1972இல் இதே பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை திறந்தது இன்டெல். அமெரிக்காவுக்கு வெளியே அந்த நிறுவனம் வைத்த முதல் ஆலை அது. 486, பென்டியம் சிப்புகள் பலவற்றின் பீங்கான் உடலில் ‘மலாய்’ என்ற அச்சு இருக்கும். இங்கே எத்தனையோ இந்தியக் குடும்பங்களில் அம்மாவோ அத்தையோ ஷிப்ட் வேலைக்கு ஃபேக்டரி பஸ் ஏறியவர்கள். தைவான் பெட்டிக்குள் பினாங்குக் கைகள் தொட்ட சிப் உட்கார்ந்திருக்கலாம் என்ற நினைப்போடு அதைத் திறப்பதே தனிச் சுகம்.

முன்பக்கத்துக்கு வருவோம். டர்போ பட்டன் வேகத்தைக் கூட்டத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது இருந்ததே குறைப்பதற்கு. தொடக்ககால விளையாட்டுகள் சில, சிப்பின் ஓட்டத்தையே கடிகாரமாக வைத்து எழுதப்பட்டவை. வேகமான கணினியில் அவை கண்மண் தெரியாமல் ஓடின. பக்கத்துச் சின்ன எண்பலகையில் ஒளிரும் சிவப்பு 66 எதையும் அளப்பதில்லை. அந்தப் பலகையின் பின்னே ஜம்பர்களை மாற்றி மாற்றிச் செருகி, கடைக்காரர் அமைத்துக் கொடுத்த எண் அது. புது உறுப்புகளைப் பூட்டுகிறவர்கள் அதில் வேறு எண்ணை வரவழைக்கிறார்கள். நான் 66ஐ விட்டுவிடுவேன்.

பவர் சுவிட்ச் விஷயத்தில் மட்டும் மாற்றம் கட்டாயம். ஏடி பெட்டியில் 240 வோல்ட் மின்சாரம் நேரே அந்தப் பட்டனுக்கே வரும். அழுத்தினால் ‘டக்’கென்று பிடித்து நிற்கும் அந்தக் கனம் இன்றைய பட்டன்களில் இல்லை. பழைய சுவிட்சைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அதே பட்டனுக்குப் பின்னால், அழுத்தும்போது மட்டும் தொடும் சிறிய சுவிட்சை வைக்கலாம். திருகாணியில் பொருத்தியதைத் திருகாணியிலேயே கழற்றிவிடலாம். இப்படிச் செய்கிற வேலை எதற்கும் நான் எதிரியில்லை. ஃபிளாப்பி டிரைவ் இருந்த இடத்தில் பென்டிரைவைப் படிக்கும் கோடெக் கருவியைப் பூட்டுங்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை வையுங்கள்.

சரி, விளையாடுவதற்கு என்னதான் வேண்டும்? 1993இல் வந்த டூம் கேட்டது ஒரு 386 சிப்பும் 4 மெகாபைட் நினைவகமும். அதை ஓட்டப் பெரிய கிராபிக்ஸ் கார்டு எதற்கு? 170 மில்லிமீட்டர் சதுரமான மினி ஐடிஎக்ஸ் போர்டு தாராளம். ராஸ்பெர்ரி பை கூடப் போதும். பழைய துளைகளில் ஒரு அலுமினியத் தட்டைப் பூட்டி, அதன்மேல் போர்டை வைத்து, ஒயர்களை ஸ்லாட் இடைவெளி வழியே வெளியே எடுத்தால் முடிந்தது. பின்தகடு அப்படியே இருக்கும். கைத்திறன் தெரிவது இந்த இடத்தில்தான். கிரைண்டர் பத்து நிமிடத்தில் முடிப்பதை அளந்து, வளைத்து, பொருத்திப் பார்த்து ஒரு வாரம் செய்கிறவரின் பெட்டியைத் திறந்தால் உள்ளே அந்தப் பொறுமை தெரியும்.

மஞ்சளைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெயிலிலும் சூட்டிலும் பழுப்பேறும். தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த புரோமின் கலவைகளுக்கும் அதில் பங்குண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்தால் வெளுக்கும், பினாங்கு வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்! ஆனால் பூச்சு சீராக இல்லாவிட்டாலோ இடையில் காய்ந்துவிட்டாலோ திட்டுத்திட்டாக நிற்கும். வெளுத்ததும் மறுபடி மஞ்சளாகலாம். ஒரே சீராகப் பழுத்த முகப்பை நான் தொடமாட்டேன்.

பெரிய கார்டு வேண்டும் என்பவர்களுக்கு இப்போது வேறு வழி இருக்கிறது. தைவானின் சில்வர்ஸ்டோன் நிறுவனம் 2023 ஏப்ரல் முதல் தேதி வேடிக்கைக்காகக் காட்டிய வெளிர்மஞ்சள் கேசிங்கைப் பிறகு உண்மையாகவே தயாரித்தது. அடுத்து வந்த எஃப்எல்பி02 டவரில் டர்போ பட்டனும் எண் ஒளிரும் பலகையும் உண்டு. ஏடிஎக்ஸ் செவ்வகம் ஆலையிலேயே வெட்டப்பட்டது. துருப்பிடித்து அடித்தகடு உதிரும் பழைய பெட்டி கிடைத்தால் அதையும் தாராளமாக வெட்டலாம். வெட்டுமுன் முகப்பையும் டர்போ பட்டனையும் ஸ்லாட் மூடிகளையும் சாவியோடு பூட்டையும் கழற்றி ஒரு பையில் போட்டு வையுங்கள். அவை உடைந்துபோன இன்னொரு பெட்டிக்கு, வேறெங்கும் வாங்க முடியாத உறுப்புகள் அவை.