இப்போது மாப்பிள்ளையின் நண்பர் பேசுவார்

கல்யாண வரவேற்பில் நெருங்கிய நண்பன் மைக் பிடித்து மூன்று நிமிடம் உருக்கமாகப் பேசுவது, சென்னை, கோவை மண்டபங்களில் இப்போது நிகழ்ச்சி நிரலிலேயே ஏறிவிட்டது. லண்டனிலும் டொரன்டோவிலும் ஈழத்தமிழர் வீட்டுக் கல்யாணங்களுக்கு இது முன்பே பழக்கம். பெண்ணின் தந்தை, மாப்பிள்ளை, ‘பெஸ்ட் மேன்’ என்று மூவர் பேசும் பிரிட்டிஷ் விருந்து வழக்கம் அங்கே அக்கம்பக்கத்திலிருந்து வந்தது. இங்கே ரீல்ஸ் வழியாக வந்திருக்கிறது. தொகுப்பாளினி “மாப்பிள்ளையோட பெஸ்ட் ஃப்ரெண்டை ஸ்டேஜுக்குக் கூப்பிடலாமா?” என்று கேட்பார். பின்வரிசையிலிருந்து விசில் கிளம்பும். ஒரே நிறத்தில் சட்டை தைத்துப் போட்டிருக்கும் கூட்டத்திலிருந்து ஒருவன் கூச்சத்தோடு எழுந்து வருவான்.

இதற்கு ஆதரவாளர்கள் நிறைய. அண்மையில் ஒரு பந்தியில் பக்கத்து இலைக்காரராக வாய்த்த தமிழாசிரியர், “நம்ம கல்யாணங்கள்ல இதுவரைக்கும் பேசின பேச்சுலயே உண்மையான பேச்சு இதுதான் சார்” என்றார். ரசத்துக்கும் மோருக்கும் நடுவே பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

அவர் எதை நினைத்து அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அவரும் நானும் பார்த்து வளர்ந்தவை பழைய வாழ்த்துரைகள். மாவட்டச் செயலாளர் வரும்வரை தாலி காத்திருக்கும். வந்தவர் மணமக்களின் பெயரைத் துண்டுச்சீட்டில் பார்த்துப் படித்துவிட்டு இடைத்தேர்தலுக்குத் தாவிவிடுவார். பிறகு கண்ணாடிச் சட்டமிட்ட வாழ்த்து மடல் வரும். மணமகன் பெயரையும் மணமகள் பெயரையும் எதுகைக்குள் திணித்து, பதினாறு பேறும் பெற்றுப் பெருவாழ்வு வாழச் சொல்லும் அந்த மடலை யாரும் இரண்டாம் முறை படித்ததில்லை. பரண் மேல் அதற்கென்று ஓர் இடம் உண்டு. இவற்றோடு ஒப்பிட்டால் நண்பனின் பேச்சு சுருக்கமானது, ஆளைத் தெரிந்துகொண்டு பேசுவது, கட்சி வாடை இல்லாதது. ஒப்புக்கொள்கிறேன். இருபத்தைந்து வயதுப் பையன் நானூறு பேர் முன்னால் நின்று இன்னொரு ஆணைப் பற்றி “இவன் இல்லன்னா நான் இல்ல” என்று சொல்வதில் ஓர் அழகு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உண்மையான பேச்சு என்கிறாரே, அங்கேதான் இடிக்கிறது. யாரைப் பற்றிய உண்மை?

இந்த உரையின் அமைப்பைக் கவனியுங்கள். மூன்று நிமிடத்தில் ஒரு கதைதான் சொல்ல முடியும். அது பெரும்பாலும் ஒரு குற்றக் கதை. அரியர் வைத்தது, வார்டனிடம் மாட்டியது, அப்பா அனுப்பிய ஃபீஸ் பணம் கோவாவில் கரைந்தது. அடுத்து ஒரு திருப்பம் வரும்: இவ்வளவு சேட்டை செய்தவன்தான் என் அம்மா ஐசியுவில் கிடந்தபோது மூன்று இரவு வாசலில் உட்கார்ந்திருந்தான். இங்கே குரல் உடையும், வீடியோகிராபர் நெருங்கி வருவார். கடைசியில் நண்பன் மணமகள் பக்கம் திரும்பி, “சிஸ்டர், இனிமே இவன் உங்க பொறுப்பு” என்பான். அதுவரை அவள் பெயர் ஒரு முறைகூட வந்திருக்காது. பல உரைகளில் அதற்குப் பிறகும் வருவதில்லை.

அந்த ஒரு வாக்கியத்தை நான் பல வருடமாகக் கேட்டுவருகிறேன், கேட்கும்போதெல்லாம் உறுத்துகிறது. அவளும் இருபத்தைந்து வருடம் வாழ்ந்துவிட்டு, படித்து, வேலை பார்த்து, தனக்கென்று சேட்டைகளும் நட்புகளும் சேர்த்துக்கொண்டுதான் அந்த மேடைக்கு வந்திருக்கிறாள். நண்பனின் கதையில் அவளுக்குக் கிடைக்கும் வேடம், பொறுப்பில்லாத ஒருவனைப் பொறுப்பேற்கும் ஆள். இதுவரை அவனைச் சமாளித்தவர்கள் அம்மாவும் நண்பர்களும், இனி இவள். கைதட்டல்.

‘அப்படியானால் பெண்ணின் தோழியும் பேசட்டுமே, பேசத்தானே செய்கிறாள்’ என்பார்கள். பேசுகிறாள். தாம்பரம் பக்கம் ஒரு வரவேற்பில் இரண்டு உரைகளையும் அடுத்தடுத்துக் கேட்டேன். மாப்பிள்ளையின் நண்பன் போனில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துப் படித்தான். முன்னாள் ‘க்ரஷ்’ ஒருத்தியைப் பற்றிப் பெயர் சொல்லாமல் ஒரு குறிப்பு வைத்தான், மண்டபம் அதிர்ந்தது. மாப்பிள்ளையின் அப்பா கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். மாலை ஆறரையிலிருந்து நின்றுகொண்டிருந்த மணமகள், பூச்செண்டை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டு, அதே சிரிப்பில் இருந்தாள்.

அடுத்து அவளுடைய தோழி வந்தாள், நான்கு வருட ஹாஸ்டல் அறைத் தோழி. “ரொம்ப சாஃப்ட். குழந்தை மாதிரி. யாரையும் ஹர்ட் பண்ண மாட்டா. சூப்பரா சமைப்பா.” ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, இறங்கிவிட்டாள். இவளுக்குச் சொல்லத் தெரியவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். பந்தி முடிந்து கை கழுவப் போனால், குழாயடியில் அதே தோழி நாலைந்து பேரை வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தபடி கதை சொல்லிக்கொண்டிருந்தாள். சுவரேறிக் குதித்த கதை, வார்டனுக்குப் பட்டப்பெயர் வைத்த கதை, யாருக்கோ எழுதித் தராமலே கிழித்த கடிதத்தின் கதை. மாப்பிள்ளைத் தோழன் மேடையில் சொன்னதைவிட எல்லாமே பத்து மடங்கு நன்றாக இருந்தன. நான் வருவதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். என்னை யாரென்று நினைத்தாளோ. மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா என்று நினைத்திருக்கலாம்.

என் ஆட்சேபம் முழுவதும் அந்தக் குரல் தாழ்ந்ததில் இருக்கிறது. அவன் கோவா போனது குறும்பு, அவள் போயிருந்தால் வம்பு. அவனுடைய பழைய காதல் சிரிப்புக்கு ஆகும். அவளுடையதை மேடையில் சொன்னால் அன்றிரவே இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். இதைத் தோழி அறிவாள். அதனால்தான் நட்பின் சாட்சியத்தை முழுக்க விழுங்கிவிட்டு, மாமியார் காதுக்கு ஏற்ற நற்சான்றிதழ் ஒன்றை வாசித்துவிட்டு இறங்குகிறாள். ‘மனம் திறந்த பேச்சு’ என்று இவர்கள் கொண்டாடும் வகையில், திறந்து காட்ட அனுமதியுள்ளது ஒரு மனம்தான்.

இது பேச்சின் குற்றமல்ல, சமூகத்தின் குற்றம் என்று தமிழாசிரியர் சொல்லக்கூடும். இருக்கலாம். ஆனால் பழைய வாழ்த்து, வெற்று வாழ்த்தாக இருந்தாலும், இந்தச் சிக்கலில் மாட்டவில்லை. அது இருவரையும் அறியாது. இருவருக்கும் ஒரே பேறுகளைக் கேட்டது. அதன் பொதுத்தன்மை சலிப்பூட்டியது, உண்மைதான். அந்தச் சலிப்பின் நிழலில் மணமகள் நிம்மதியாக நின்றாள். அவளுடைய கடந்த காலத்தை யாரும் தொடவில்லை. அவனுடையதையும் பதக்கமாகக் குத்திவிடவில்லை. நண்பனின் உரை அந்தரங்கத்தை மூலதனமாகப் போட்டு நடக்கிறது. மூலதனம் ஒருவருக்கு மட்டுமே செல்லும் என்றால் அந்த வியாபாரத்தை மேடையில் நடத்தக் கூடாது.

வாழ்த்துரை என்றாலே மாவட்டச் செயலாளர் என்று நினைப்பதும் சரியில்லை. முதல் சுயமரியாதைத் திருமணம் என்று சொல்லப்படுவது 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் நடந்தது. அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுக் காலம், சட்டம் ஏற்காத அந்தக் கல்யாணங்களில், ஐயரும் மந்திரமும் இருந்த இடத்தில் பேச்சுதான் இருந்தது. பெரியார் அந்த மேடைகளில் பேசியவை அச்சில் இருக்கின்றன; படித்துப் பாருங்கள். நீளம்தான், சில இடங்களில் மணமக்களுக்கே தர்மசங்கடமாக இருந்திருக்கும். ஆனாலும் பேச்சின் நடுவே நிற்பது பெண். அவள் அடிமையாகக் கூடாது, சம்பளமில்லாத சமையல்காரியாகக் கூடாது என்று மாப்பிள்ளையின் உறவினர்கள் காதுபடச் சொல்லப்பட்டது. ‘இவனைப் பார்த்துக்கொள்’ என்று அவளிடம் ஒப்படைப்பதற்கு நேர் எதிர்த் திசை அது.

1967இல் அண்ணா ஆட்சியில் அந்தக் கல்யாணங்களுக்குச் சட்ட ஏற்புத் தந்த திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அதில் நண்பர்களுக்கு இடம் உண்டு: உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் திருமணம் நடக்க வேண்டும் என்கிறது. ஒருவரையொருவர் ஏற்பதாக இருவரும் தங்களுக்குப் புரியும் மொழியில் அறிவிக்கலாம், மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம், தாலி கட்டலாம். அறிவிக்கும் வாக்கியத்தில் ஒரு சொல்தான் மாறும், கணவன் என்பது மனைவி என்று. 2023இல் உச்ச நீதிமன்றம், இதற்கு ஊரறிந்த விழாகூட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. விழா போனாலும் நண்பன் போகவில்லை பாருங்கள். அவன் அங்கே சாட்சி. வீட்டை எதிர்த்துச் சாதி மாறிக் கட்டிக்கொள்கிறவர்களுக்காகப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, அதன் பொருட்டு நடுராத்திரியில் வீட்டுக் கதவு தட்டப்பட்ட நண்பர்கள் நம் ஊரில் உண்டு. அவர்களில் யாரும் மூன்று நிமிடம் பேசியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

யாழ்ப்பாண வழக்கிலும் மாப்பிள்ளைத் தோழன் என்று ஒருவர் உண்டு, சடங்கின்படியே. அந்தத் தோழன் பெரும்பாலும் பெண்ணின் சகோதரன். வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி வரவேற்பதும், அதற்கு மோதிரம் பெறுவதும், மேடையில் பக்கத்தில் இருப்பதும் அவர் வேலை. மாப்பிள்ளைக்குத் தோழனைப் பெண் வீடு தருகிறது. சடங்குகளில் ஆயிரம் பிசகு இருக்கலாம், இந்த ஏற்பாட்டில் ஒரு யோசனை இருக்கிறது. அதே சமூகத்தின் பிள்ளைகள் டொரன்டோ மண்டபத்தில் காலையில் மைத்துனரைத் தோழனாக வைத்துவிட்டு, மாலையில் கல்லூரிக் கூட்டாளியைத் தோழனாக்கி மைக் கொடுக்கிறார்கள். காலைத் தோழன் இரண்டு வீட்டுக்கும் ஆள். மாலைத் தோழன் ஒருவனுக்கு மட்டும் வக்கீல்.

இன்னும் பின்னே போனால், அகநானூற்றின் 86ஆம் பாட்டில் ஒரு கல்யாணம் நடக்கிறது. மணல் பரப்பிய பந்தல், விளக்கு, விடியல் நேரம் எல்லாம் உண்டு. வாழ்த்துகிறவர்கள் பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர். தோழி அங்கே வாழ்த்தவில்லை. ஆனால் அந்தப் பாட்டே அவளிடம் சொல்லப்படுவது. தலைவனை வீட்டுக்குள் விட மறுத்து வாயிலில் நிற்கும் தோழியிடம், அவன் தன் கல்யாண நாளை நினைவுபடுத்திக் கெஞ்சுவதாகத்தான் அதன் துறைக்குறிப்பு. அகப்பாடல்களில் தோழி வாய் ஓயாமல் பேசுகிறவள். கல்யாணத்துக்கு முன்னால் அறத்தொடு நின்று செவிலியிடம் உண்மையை உடைப்பாள், கல்யாணத்துக்குப் பிறகு தவறு செய்தவனை நேருக்கு நேர் கேட்பாள். நம் மேடையில் அவளுக்குக் கொடுத்திருக்கும் வசனம், “சூப்பரா சமைப்பா.”

இப்போது செயற்கை நுண்ணறிவிடம் நாலு குறிப்பைக் கொடுத்து உரை எழுதி வாங்குகிறார்கள் என்று அங்கலாய்ப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் அதிர்ச்சி இல்லை. சேட்டை, ஐசியு, பொறுப்பு என்ற வரிசை அத்தனை உறுதியாக வார்க்கப்பட்ட பிறகு இயந்திரம் எழுதினால் என்ன, மனிதன் எழுதினால் என்ன? நான் கேட்டவரை ஒரு நண்பனும் மணமகளைப் பற்றி ஒரு கேள்விகூட விசாரித்துக்கொண்டு வந்ததாகத் தெரியவில்லை. அவளுக்கு எந்த ஊர், என்ன வேலை, எதற்குச் சிரிப்பாள் என்று தெரியாது. அவள் கையில் ஒருவனை ஒப்படைக்க மட்டும் தெரியும். சரி, இதில் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விதிவிலக்கு எங்காவது நடந்திருக்கும், நான் பந்தியில் இருந்திருப்பேன்.

இந்த உரையை விட மனமில்லாதவர்களுக்கு ஒரு யோசனை. பெண்ணின் தோழியை முதலில் பேச விடுங்கள். மூன்று நிமிடமும் அவளுக்கு. குழாயடியில் சொன்னதை அவள் மேடையில் சொல்லட்டும், சுவரேறிக் குதித்ததையும் கிழித்த கடிதத்தையும் சேர்த்து. மாப்பிள்ளையின் அப்பா கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அதற்கும் அதே போலச் சிரிக்கட்டும். இதற்குச் சம்மதமா என்று மண்டபத்துக்கு முன்பணம் கட்டும்போதே இரு வீட்டாரையும் கேட்டுவிடலாம். சம்மதம் என்றால் நான் முன்வரிசையில் வந்து உட்காருகிறேன். இல்லை என்றால் மாப்பிள்ளையின் நண்பரும் மேடையேறி, இருவருக்கும் ஒரு வணக்கம் சொல்லி, போட்டோவுக்கு நின்றுவிட்டு, நேரே பந்திக்குப் போகலாம்.