சிற்றுருவில் வானளாவி: ஒரு திறனாய்வு

பேருருவைச் சிற்றுருவிற் காட்டுதல் மனிதன் தொன்றுதொட்டுப் பயின்றுவந்த கலைகளுள் ஒன்று. ஆற்று மணலிற் சிறுமியர் இழைக்கும் சிற்றிலும், தச்சன் தன் மைந்தனுக்குச் செய்து கொடுக்கும் சிறுதேரும் இக்கலையின் தொடக்க நிலைகளாம். பிள்ளைத்தமிழ் நூல்கள் இவ்விரண்டனையும் தனித்தனிப் பருவங்களாக வகுத்துப் போற்றின. அவற்றுட் சிற்றிற் பருவம் ஒரு வேண்டுகோளாக அமைந்திருத்தல் கருதத்தக்கது. தாம் வருந்திக் கட்டிய சிற்றிலைச் சிதைத்தல் ஆகாது என்று சிறுமியர் பாட்டுடைத் தலைவனை இரந்து நிற்பர். விளையாட்டாகக் கட்டியதாயினும் கட்டியது காக்கப்படல் வேண்டும் என்னும் உணர்வு அதனுள் அடங்கியுள்ளது. அவ்வுணர்வு இன்று கணினித் திரையிற் புதியதோர் உருவம் பெற்றிருக்கின்றது. நகரமைப்பு விளையாட்டுக்களுக்கென, வரலாற்றுப் புகழ் வாய்ந்த வானளாவிய மாடங்களை நுணுக்கமாகச் சிற்றுருவாக்கும் கலையையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் இவ்விளையாட்டின் இயல்பை அறிதல் வேண்டும். வில் ரைட் என்பார் வகுத்த ‘சிம்சிட்டி’ 1989ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதில் வெல்லுதற்கு எதிரி இல்லை. ஆட்டம் முடிதற்கு எல்லையும் இல்லை. ஆடுவோர் வெறுநிலத்திற் சாலை வகுத்து, மின்வசதி செய்து, குடியிருப்பு, வாணிகம், கைத்தொழில் என நிலத்தைப் பகுத்துவிட்டால் நகரம் தானே வளரத் தொடங்கும். வீடு, வேலை, மக்கள் ஆகியவற்றின் பெருக்கமும் சுருக்கமுமாக நகரத்தைக் கணக்கிட்டுக் காட்டிய ஜே ஃபொரெஸ்டரின் நூல் 1969இல் வெளியாயிற்று. இவ்விளையாட்டுக்குக் கருத்து வித்தாக அமைந்தவற்றுள் அதுவும் ஒன்று. நான்காம் சிம்சிட்டி 2003இல் வந்தது. அதனை ஆக்கிய மாக்சிஸ் நிறுவனத்தார் 2004இற் கட்டட ஆக்கக் கருவி ஒன்றையும் வழங்கினர். அன்றுதொட்டு ஆடுவோரே கட்டடக் கலைஞருமாயினர்.

அக்கருவி தொழிற்படும் முறை இது. கலைஞன் முப்பரிமாண வரைவுக்குரிய மென்பொருளில் மாடத்தை எழுப்புகின்றான். சாளரம், தூண், வளைவு, கூரை என்னும் ஒவ்வோர் உறுப்பும் பழைய நிழற்படங்களையும் வரைபடங்களையும் நோக்கி உருவாக்கப்படும். பின்னர்க் கணினி அதனை நான்கு திசைகளினின்றும், ஐந்து தொலைவுகளுக்கு ஏற்பவும் படமாக்கி, பகலுக்கும் இரவுக்கும் வெவ்வேறாக வகுத்து வைக்கும். திரையில் நாம் காண்பன அப்படங்களே. 2015இல் வெளிவந்த ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ என்னும் விளையாட்டிலோ உருவத்தையே எத்திசையினின்றும் காணலாம். ஆயின், உருவத்தை ஆக்கும் பரப்புக்கள் மிகுந்தாற் கணினி தளர்ந்துவிடும். ஆதலின் தொலைக்காட்சிக்கென எளிய உருவம் ஒன்றும் உடன் செய்தல் வேண்டும். ஒன்றிற் படத்தின் செறிவும், மற்றொன்றில் உருவத்தின் சிக்கனமும் கலைஞனை ஆளுகின்றன.

நிற்க. இக்கலையின் பயன் யாது என்று வினவுவார்க்கு நியூயோர்க் நகரத்துச் சிங்கர் மாளிகை தக்க விடையாகும். தையல் இயந்திரக் கம்பனியார் ஒருவர்க்காக ஏணஸ்ட் ஃபிளாக் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த அம்மாளிகை 1908இல் நிறைவுற்றது. 612 அடி உயர்ந்து, அடுத்த ஆண்டுவரை உலகின் மிக உயர்ந்த மாளிகையாக அது விளங்கியது. பழஞ்சின்னங்களைக் காத்தற்கென 1965இல் நியூயோர்க்கிற் சட்டம் இயற்றப்பட்டும் அதற்குக் காப்பு வழங்கப்படவில்லை. 1967இல் அதனை இடிக்கத் தொடங்கினர். உலகின் முதல் வானளாவி எனப் பலரும் குறிக்கும் சிக்காகோ நகரத்து ஹோம் இன்சூரன்ஸ் மாளிகையும் 1885இல் எழுந்து 1931இல் மறைந்தது. இத்தகையவற்றைச் சிற்றுருவாக்குவோன், சிதைந்த சிற்றிலை மீண்டும் இழைக்கும் சிறுமியை ஒப்பான்.

இது மேலைநாட்டார் கண்ட புதுமை என்று எண்ணுதல் வேண்டா. மாமல்லபுரத்து இரதங்கள் எனப்படுவன கி.பி. ஏழாம் நூற்றாண்டிற் பல்லவர் பாறையிற் குடைந்த சிற்றுருக்களேயாம். திரௌபதி இரதம் கூரை வேய்ந்த குடிலைக் காட்டுகின்றது. வீம இரதம் நீண்டு வளைந்த கூரையுடைய சாலையைக் காட்டுகின்றது. நகுல சகாதேவ இரதம் தூங்கானை மாடத்தைக் காட்டுகின்றது. மரத்தாலும் ஓலையாலும் மண்ணாலும் ஆகிய அக்காலத்துக் கட்டடங்கள் அழிந்தொழிந்தன. அவை எவ்வாறு இருந்திருக்கும் என்பதைக் கல்லிற் செய்த இப்படிகளைக் கொண்டே இன்று நாம் உய்த்துணர்கின்றோம். இதனினும் வியப்புடையது ஒன்று உண்டு. 1010ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை நோக்குமின். அதன் நிலைதோறும் கூடம், சாலை, பஞ்சரம் எனச் சின்னஞ்சிறு கோயில்கள் வரிசையாக அமைந்துள்ளன. நம் முன்னோர் சிற்றுருக்களை அடுக்கியே பேருருவை எழுப்பினர். ஆகவே, சிற்றுருவைத் திறனாய்தற்குரிய அளவுகோல் நம் மரபிலேயே உண்டு எனத் துணிந்து கூறலாம்.

அவ்வளவுகோல் யாது? இக்காலத்துச் சிற்றுருக்களைப் போற்றுவோர் பெரும்பாலும் நுணுக்கத்தையே போற்றுகின்றனர். சாளரச் சட்டம் இத்துணை, கூரைமீதுள்ள நீர்த்தொட்டி இத்துணை என எண்ணி மகிழ்கின்றனர். நுணுக்கம் வேறு, மெய்ம்மை வேறு என்பதே எம் கருத்து. பாறையைக் குடைந்த பல்லவச் சிற்பி குடிலின் ஓலைகளை ஒவ்வொன்றாகச் செதுக்கினான் அல்லன். கூரையின் வளைவை மட்டும் பிழையின்றிப் பற்றிக்கொண்டான். அவ்வளைவைக் கண்ட மாத்திரத்தே குடில் நம் நெஞ்சில் எழுகின்றது. மெய்ம்மையை அளவு, காலம், சூழல் என்னும் மூன்று வாயில்களாலே சோதித்தல் தகும்.

முதலாவது அளவு. திரையில் ஒரு சாளரம் சில படப்புள்ளிகளுள் அடங்கிவிடும். ஆதலின் அணியுறுப்புக்கள் கண்ணுக்குப் புலனாதற்பொருட்டுக் கலைஞன் அவற்றைச் சற்றே பெருக்கிக் காட்ட விழைவான். ஆனாற் சிங்கர் மாளிகையின் கோபுரப் பகுதி பக்கம் ஏறத்தாழ 65 அடியே உடையது. அதன் அழகு முழுவதும் அம்மெல்லிய இடையிலேதான் உள்ளது. உச்சிக் கவிகையைப் பெருக்கினால் இடை தளரும். மாளிகை தன் இயல்பிழந்து பிறிதொன்றாகும். ஓர் உறுப்பை நன்கு காட்டப் புகுந்து முழுமையைக் கெடுத்தல் கவிதையிலும் குற்றமே, கட்டடத்திலும் குற்றமே.

இரண்டாவது காலம். கட்டடம் ஒரே நாளில் எழுவதும் அன்று. என்றும் ஒரே நிலையில் நிற்பதும் அன்று. இதனை விளக்குதற்கு அமெரிக்கா வரை செல்லவேண்டுவதில்லை. இவ்வுரை எழுதப்படும் எலுவன்குளம் புத்தளக் கரையில், வில்பத்துக் காட்டின் தென்பால் அமைந்த சிற்றூர். பாலை மரத்தினும் உயர்ந்த மாடம் எதனையும் இவ்வூரார் இங்குக் கண்டதில்லை. எனினும், இவ்வூருக்கு அருகே கடற்கரையை அடையும் கலா ஓயாவின் வழியே உள்நாடு நோக்கிச் செல்வோமாயின், பண்டை உலகின் வானளாவிகளுள் ஒன்றைக் காணலாம். அஃது அநுராதபுரத்து ஜேதவனாராமத் தூபி. மகாசேன மன்னன் தொடங்கிய அச்செங்கற் குன்றம் தன் முழுநிலையில் ஏறத்தாழ 400 அடி உயர்ந்து, கீசாவின் இரு பெரும் பிரமிட்டுக்களுக்கு அடுத்தபடியாக நின்றது என்பர். மேற்கூறிய சிக்காகோ மாளிகை எழுந்தபோது அதன் உயரம் 138 அடியே என்பதை ஒப்புநோக்குக.

தூபியில் நிலைகள் இல்லை. உள்ளே குடியிருப்போரும் இல்லை. ஆதலின் அதனை வானளாவி என்னலாமோ என ஐயுறுவார் உளர். பெயர் எவ்வாறாயினும் ஆகுக; சிற்றுருக் கலைஞனுக்கு அஃதோர் உரைகல்லாகும். அவன் எந்தத் தூபியைச் செய்வான்? சுதை பூசி வெண்ணிறமாய் நின்ற 400 அடித் தூபியையா? நூற்றாண்டுகள் பல கழிய, மரமும் புதரும் மூடிக் காட்டுமேடாய்க் கிடந்ததனையா? புதருங் களையும் அகற்றிச் சீர்செய்யப்பெற்று, உச்சி குறைந்து, ஏறத்தாழ 233 அடியளவிற் செங்கல் நிறம் தோன்ற இன்று நிற்பதனையா? மூன்றும் உண்மையே. ஆயின் முதலாவதன் உயரத்தையும் மூன்றாவதன் நிறத்தையும் ஒன்றாகச் சேர்த்தால், எக்காலத்தும் இல்லாததொரு பொய்யுரு பிறக்கும். பழைய நிழற்படம் ஒன்றையும் புதிய நிழற்படம் ஒன்றையும் அருகருகே வைத்து உருச்செய்வார் பலர் இக்குற்றத்திற் சிக்குகின்றனர். நல்ல கலைஞன் தன் படைப்பின்கீழ் ஆண்டைக் குறித்தல் வேண்டும்.

மூன்றாவதாகிய சூழலே யாவற்றினும் அரியது. சிம்சிட்டியின் நான்காம் பதிப்பில் நிலம் 16 மீற்றர்ச் சதுரங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு மனையும் நேர்கோணமுடையதாதல் வேண்டும். நியூயோர்க்கின் தென்முனைத் தெருக்களோ பழைய குடியேற்றத்தின் போக்கிலே வளைந்தும் கோணியும் செல்வன. அவற்றினின்று பெயர்த்தெடுத்து நேர்ச்சதுரத்தில் நட்ட மாளிகை, வேரறுத்துத் தொட்டியில் வைத்த மரம் போன்றதே. மேலும், ஃபிளாக் ஒரு கொள்கையை உடையவர். வானளாவியின் கோபுரம் மனையின் நாலிலொரு பங்கையே கொள்ளல் வேண்டும். எஞ்சிய பங்கின் வழியாகத் தெருவுக்குக் காற்றும் ஒளியும் செல்லல் வேண்டும் என அவர் வாதிட்டார். அவருடைய கோபுரத்தைச் சுற்றிலும் வேறு மாடங்களை நெருக்கி நடும் ஆட்டக்காரர், கற்களைக் காத்துக் கருத்தைக் கொன்றவராவர்.

இதனினும் ஆழ்ந்த குறை விளையாட்டின் அடிப்படையிலேயே உள்ளது. நிலத்தின் விலையும் வாணிகத்தின் தேவையும் மிகும்போது மாடம் உயரும் என்பதே அதன் நியதி. சிங்கர் மாளிகைக்கு அந்நியதி பொருந்தும். ஜேதவனத்துக்கு அது பொருந்துமா? அத்தூபியைக் கட்டிய மகாசேனனே மின்னேரிக் குளத்தையும் கட்டினான். பின்வந்த தாதுசேனன் ஐந்தாம் நூற்றாண்டிற் கலாவாவியை அமைத்தான். அதன் நீர் ஏறத்தாழ 54 மைல் நீளமுள்ள ஜயகங்கை வழியாக அநுராதபுரத்தைச் சென்று சேர்ந்தது. அக்கால்வாய் சில பகுதிகளில் மைலுக்கு ஆறு அங்குலமே சாய்வுடையது என்பர். ஒன்பது கோடிக்கு மேற்பட்ட செங்கற்கள் கொண்டதாக மதிப்பிடப்படும் தூபியை எழுப்பியோர்க்கும், பின்னர் அதனைப் பேணியோர்க்கும் சோறிட்டது குளத்து நீர். விளையாட்டிலோ நீர் என்பது மண்ணுள் மறைந்த குழாய். தூபியை மட்டும் சிற்றுருவாக்கிக் குளத்தை விடுத்தால், ஏன் இத்துணை உயரம் என்னும் வினாவுக்கு அந்நகரம் ஊமையாய் நிற்கும். அதே வாவியின் ஆறு கடலை அடையும் இடத்திலிருந்து நோக்குவார்க்கு இவ்வுண்மை எளிதிற் புலப்படும்.

அங்ஙனமாயின் இம்மூன்று சோதனைகளிலும் தேறத்தக்க சிற்றுருவைத் தமிழ் மாணவர் எங்கே தொடங்கலாம்? சென்னை மவுண்ட் ரோட்டில், இன்றைய அண்ணாசாலையில், 177 அடி உயர்ந்து நிற்கும் ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபன மாளிகையை எடுத்துக்கொள்ளலாம். அதனைத் தொடங்கியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1953இல் வேலை தொடங்கியது. அடுத்த ஆண்டில் விமான விபத்தில் அவர் மறைந்தார். 1956இற் காப்புறுதித் தொழில் அரசுடைமையாயிற்று. 1959இல் மாளிகை திறக்கப்பட்டபோது இந்தியாவிலேயே அதுதான் மிக உயர்ந்தது. 1975இல் அங்குத் தீ மூண்டது. இன்று அதனினும் உயர்ந்த மாடங்கள் சென்னையிற் பல உள. ஆகவே 1959ஆம் ஆண்டு மாளிகையைச் செய்பவன் அதனைச் சுற்றியிருந்த தாழ்ந்த கட்டடங்களையும் செய்தல் வேண்டும். தாழ்ந்த கூரைகளின் நடுவே நின்றால் அன்றி, ஒரு தலைமுறையினர் அதனை அண்ணாந்து பார்த்து வியந்த வியப்பு காண்போர்க்குப் புலனாகாது.

விளையாட்டுப் பொருளுக்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமோ என்பார் உளர். விளையாடுவோன் இன்பம் ஒன்றனையே நாடுகின்றான். அவனுக்கு வரலாற்றுச் சுமை எதற்கு என்பதும் அவர்தம் வினா. இவ்வினா நேர்மையானதே. மனம்போனபடி நகர் அமைக்கும் உரிமை ஆடுவோர்க்கு உண்டு. சிங்கர் மாளிகையைத் தஞ்சை விமானத்தின் பக்கத்தே நட்டு மகிழினும் அதனைக் குற்றமென்பதற்கில்லை. ஆனாற் சிற்றுரு செய்வோனின் நிலை வேறு. மறைந்த மாளிகை ஒன்றன் பெயரைத் தன் படைப்புக்குச் சூட்டிய கணத்திலேயே அவன் சான்று கூறுவோன் ஆகின்றான். நிழற்படங்களைத் தேடிப் பார்க்கப் பொழுதில்லாத இளைஞர் பலர்க்கு அச்சிற்றுருவே மாளிகையாகிவிடும். சான்று பிழைத்தால் நினைவும் பிழைக்கும்.

முடிவாகக் கூறுமிடத்து, ஒரு சிற்றுருவின் சிறப்பை அதிற் பொறித்த சாளரங்களை எண்ணி அறிதல் இயலாது. அம்மாடத்தை எழுப்பிய நகரமும், மக்களும், அவர்தம் நோக்கமும் அதிலிருந்து எவ்வளவு விளங்குகின்றன என்பதைக் கொண்டே அதனை மதித்தல் வேண்டும். நம் மாணவருட் கணினிக் கலையில் வல்லுநர் பலர் உளர். நியூயோர்க்கின் மாடங்களைச் செய்து பழகுதல் நன்றே. கைத்திறம் அதனால் வளரும். ஆயின் அவர்தம் ஊர்களிற் கோபுரமும், மணிக்கூட்டுக் கோபுரமும், பழைய பண்டகசாலையும், குளக்கட்டின் மதகும் அளந்து குறிப்பாரின்றி நிற்கின்றன. நாடாவும் குறிப்பேடும் கொண்டு அவற்றை அளந்து, ஆண்டைக் குறித்து, அண்டை அயலையும் சேர்த்து வரைந்து வைப்பாராயின், அவை இடிவுற்ற காலத்தும் உண்மையுரு ஒன்று எஞ்சும். இடிந்தபின் உருச்செய்தலினும் நிற்கும்போதே அளந்து வைத்தல் எளிது.